முப்பத்தெட்டு ஹாரன்களும் ஒரு விம்மலும்

எங்கள் பேருந்துப் பணிமனையில் முப்பத்தெட்டு வண்டிகள். எஞ்சினைப் பார்க்க ஒன்பது பேர், பிரேக்கைப் பார்க்க ஆறு பேர், ஹாரனைப் பார்க்க ஒரே ஒருத்தி. அவளை எல்லோரும் ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட மூன்று வயது சின்னவள். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். நான் வாசலோரக் கூண்டில் உட்கார்ந்து, வண்டி போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் எழுதுகிற டைம் கீப்பர். அவளுடைய வேலை மேசை என் கூண்டிலிருந்து பத்தடி. இருபத்திரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அவளே சொன்னது. அவள் சொன்னதில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் நான் சொல்கிறேன்.

அவள் முதலில் வந்தது இருக்கைத் துணி தைக்க. ஒருநாள் ஒரு வண்டியின் ஹாரன் கரகரவென்று கம்மிப்போய்க் கத்தியது. மெக்கானிக் அதைக் கழற்றி, குலுக்கி, திட்டிப் பார்த்துவிட்டு, புதுசு வாங்க வேண்டும் என்று எழுதப் போனார். தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமலே இவள் சொன்னாள்: "உள்ள தட்டு ஒரு பக்கமா வளைஞ்சிருக்குண்ணே. திருப்பிப் போடுங்க." திருப்பிப் போட்டார். ஹாரன் மணியாகப் பேசியது. மறுநாளிலிருந்து அந்த மேசை அவளுடையது. ஹாரன் வேலை என்றால் காது போய்விடும் என்று எல்லோரும் ஒதுங்கியிருந்தார்கள். ஆள் கிடைத்ததில் அவர்களுக்குப் பெரிய நிம்மதி.

காற்று ஹாரன் என்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பிரேக்குக்குக் காற்று போகிற அதே தொட்டியிலிருந்து ஒரு குழாய் வரும். அதன் வாயை மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். ஓட்டுநர் அமுக்கினால் காற்று தட்டைத் தள்ளும், தட்டு திறக்கும், காற்று நழுவும், தட்டு மறுபடி மூடும். நொடிக்கு நானூறு முறை இப்படித் திறந்து மூடினால் அந்தப் படபடப்பு நம் காதுக்கு ஒரே சத்தமாகக் கேட்கும். தட்டுக்கு முன்னால் இருக்கிற குழல்தான் எத்தனை முறை என்று முடிவு செய்கிறது. குழல் நீளமாக இருந்தால் உள்ளே காற்று போய்த் திரும்ப நேரமாகும், சத்தம் தடிக்கும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் திரும்பும், சத்தம் மெலியும். இதை அவள் எனக்கு விளக்கியது என் இரும்பு ஸ்கேலை வைத்து. மேசை ஓரத்தில் அதை அழுத்திப் பிடித்து, முக்கால் பங்கை வெளியே நீட்டித் தட்டினாள், டொய்ங் என்றது. கால் பங்கை நீட்டித் தட்டினாள், டிங் என்றது. "அவ்வளவுதான் சார், இதுக்கு மேல எல்லாம் பாலிஷ்" என்றாள். ஸ்கேலைத் திருப்பித் தரவில்லை.

அவள் புருஷன் பேண்டு வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறவர். சிவப்புக் கோட்டு, தோளில் தங்கச் சரிகை. வீட்டில் தண்ணீர் கேட்பதுகூட சுருதியோடுதான் கேட்பார். அவருக்கு ஒரே ஒரு கொள்கை: தான் செய்வது சங்கீதம், மனைவி செய்வது சத்தம். சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, சொந்தக்காரர்கள் வந்திருக்கும்போது என்று வாய்ப்பு கிடைக்கிறபோதெல்லாம் இதைச் சொல்லிவிடுவார். அவள் பதில் பேச மாட்டாள். பேசாமல் இருக்கிறவளிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது அவருக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகியும் பிடிபடவில்லை.

ஒருநாள் அவர் குளிக்கப் போனபோது, தையல் நூலை ட்ரம்பெட்டின் வளைவுகளோடு வைத்து நுனி முதல் வாய் வரைக்கும் அளந்தாள். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. பணிமனையில் வீணாகக் கிடந்த ரப்பர் ஹோஸை அதே நீளத்துக்கு வெட்டினாள். ஒரு முனையில் டீசல் ஊற்றுகிற புனல், மறுமுனையில் அவர் தூக்கிப்போட்ட பழைய ஊதுவாய். மாடியில் குடியிருக்கிற நாத்தனார், அதாவது அவருடைய சொந்த அக்கா, மொட்டை மாடிச் சாவியைக் கொடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கீழே பின்னறையில் பயிற்சியை ஆரம்பித்தார். ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்தினார். மேலே எங்கிருந்தோ அதே ஸ்வரம் திரும்பி வந்தது. அவர் அடுத்ததற்குத் தாவினார். அதுவும் வந்தது.

ஒரு வாரம் இப்படி நடந்தது. அந்த ஒரு வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை என்று நாத்தனார் சொன்னாள்.

"அக்கா, பக்கத்துத் தெருவுல எவனோ புதுசா குடி வந்திருக்கான்" என்றாராம் தன் அக்காவிடம். "ட்ரம்பெட் ஊதறான்."

"கேட்டேன்டா. நல்லா ஊதறானே."

"நல்லாவா? அவனுக்கு மொத்தம் அஞ்சாறு ஸ்வரந்தான் தெரியும். அதுக்கு மேல வரல." பிறகு வேண்டா வெறுப்பாகச் சொன்னாராம்: "ஆனா ஊதற வரைக்கும் சுத்தமா ஊதறான்."

ஐந்தாறுதான் வரும். வால்வு இல்லாத குழாயில் உதட்டை இறுக்கி, தளர்த்தி எத்தனை வாங்க முடியுமோ அத்தனைதான். எட்டாம் நாள் சத்தம் வருகிற திசையைப் பிடிக்க அவர் சத்தம் போடாமல் மாடி ஏறினார். அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தன் மனைவி, கன்னம் உப்ப, கழுத்தில் ரப்பர் ஹோஸைச் சுற்றிக்கொண்டு, புனலை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் அவருடைய அக்கா துணி காயப்போடுகிற பாவனையில் ஒரே துண்டை நாலாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றார்.

"ட்ரம்பெட்டுங்க."

"இது ஹோஸ் பைப்பு."

"உங்களதும் பைப்புதாங்க. சுருட்டி, பாலிஷ் போட்டு வச்சிருக்கு. பஸ் ஹாரன்ல தட்டு துடிக்குது, இதுல உதடு துடிக்குது. அளந்து பார்த்தேன், ரெண்டும் ஒரே நீளம். அதான் ஒரே சுருதி."

மூன்று நாள் அவர் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் பேசியபோது, என்ன இருந்தாலும் பஸ் ஹாரன் என்பது வெறும் சத்தந்தான் என்றார்.

பணிமனையில் அவளுக்கு இவ்வளவு எதிர்ப்பு இல்லை. அதனால் சேட்டை இன்னும் தாராளமாக நடந்தது. ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் ஆளைப் பார்த்து ஹாரன் வைத்தாள். எதற்கெடுத்தாலும் ஹாரனை அமுக்குகிற ஒரு கோபக்காரருக்கு முழ நீளக் குழலைப் பொருத்தினாள். அமுக்கினால் எருமை கொட்டாவி விட்ட மாதிரி இருக்கும். நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஒரே மாதத்தில் அந்த மனுஷர் பொறுமைசாலி ஆகிவிட்டார். புதிதாக வந்த ஒரு கூச்சக்காரருக்குக் கீச்சென்று காதைத் துளைக்கிற ஒன்று. அவர் மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தொட்டாலே லாரிகள் ஒதுங்கின.

இரண்டு மச்சான்கள் இருந்தார்கள். ஒருவர் தங்கையை மற்றவர் கட்டியிருந்தார். இரவல் கொடுத்த ஏணி ஒன்று உடைந்து திரும்பி வந்ததிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. ஆனால் தினமும் எட்டே காலுக்கு அவர்கள் வண்டிகள் மேம்பாலத்தடியில் எதிரெதிரே வந்தாக வேண்டும். அங்கே ஹாரன் அடிக்காமல் திரும்ப முடியாது. அக்கா என்ன செய்தாள், ஒருவர் வண்டிக்கு மூன்று பங்கு நீளம், மற்றவர் வண்டிக்கு இரண்டு பங்கு நீளம் என்று குழலை வெட்டி வைத்தாள். அந்தக் கணக்கில் வருகிற இரண்டு சத்தங்களும் ஸ, ப மாதிரி ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். இரண்டு பேரும் முறைத்துக்கொண்டே அமுக்குவார்கள். கேட்கிறவர்களுக்கோ அவ்வளவு ஒற்றுமையாக இருக்கும். பயணிகள் கவனித்துவிட்டார்கள். மூத்தவர் அவமானம் தாங்காமல் அவளிடம் வந்து, தனக்கு வேறு ஹாரன் வேண்டும் என்றார். "அதுக்கென்ன, மாத்திடலாம்ண்ணே" என்று அன்றைக்கே மாற்றிக் கொடுத்தாள். அதற்கேற்ற மாதிரி சின்னவர் வண்டியையும் அன்றைக்கே மாற்றினாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புது மேனேஜர் வந்தார். வந்த முதல் வாரமே தரையெல்லாம் வெள்ளைக் கோடு போட்டார். ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை எண் எழுதி, அந்தந்த வண்டி அந்தந்தக் கோட்டுக்குள்தான் நிற்க வேண்டும் என்றார். சைக்கிளுக்குக் கோடு, குப்பைத் தொட்டிக்குக் கோடு, என் கூண்டில் நாற்காலிக்குக்கூடக் கோடு. அவருக்குக் கோடு சார் என்று பெயர் வைத்தது நான் இல்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. கெட்ட மனுஷர் கிடையாது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் உலகம் சரியாகிவிடும் என்று மனதார நம்பினார்.

முப்பத்தெட்டு ஹாரன்களும் முப்பத்தெட்டு விதமாகக் கத்துவதைக் கேட்டவுடன் அவருக்குத் தாங்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து மாதிரி ஹாரன் ஒன்றை வரவழைத்து அவள் மேசையில் வைத்தார்.

"எல்லா வண்டியும் இதே மாதிரி இருக்கணும்மா. வித்தியாசம் காதுல விழக்கூடாது."

"விழாது சார்."

"ஒண்ணொண்ணா நிக்க வச்சு செக் பண்ணுவேன்."

"பண்ணுங்க சார்."

"பத்து நாள் போதுமா?"

"ஒம்பது நாள் போதும் சார்."

அவள் அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஒன்பது நாளும் அரத்தை வைத்துக்கொண்டு தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சாண் குழலின் வாயில் ஒரு தேய்ப்பு, காற்றுக் குழாயில் மாட்டி ஒரு ஊதல், மறுபடி ஒரு தேய்ப்பு. பத்தாம் நாள் மேனேஜர் மாதிரி ஹாரனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாக வந்தார். இதைக் காற்றுக் குழாயில் மாட்டி ஊதிப் பார்த்தார், அதை அமுக்கச் சொன்னார். முப்பத்தெட்டும் அச்சு அசல். அக்காவுக்குக் கை கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் புது விதி ஒன்றும் போட்டார்: தினமும் காலை ஏழு மணிக்கு, வண்டிகள் கிளம்புவதற்கு முன், எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை ஹாரனைச் சோதிக்க வேண்டும்.

மறுநாள் ஏழு மணிக்கு முப்பத்தெட்டுப் பேரும் அமுக்கினார்கள். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் ஒரே சத்தமாக எழும்பவில்லை. வீங்கியது, வடிந்தது, மறுபடி வீங்கியது. வாவ், வாவ், வாவ், வாவ். ஏதோ பெரிய மிருகம் ஓடி வந்து மூச்சு வாங்குகிற மாதிரி. மேனேஜர் அறை ஜன்னல் கண்ணாடி அதற்குத் தாளம் போட்டது. அவர் மேசையிலிருந்து பென்சில் உருண்டு, அதற்கென்று போட்டிருந்த கோட்டைத் தாண்டி விழுந்தது.

வெளியே ஓடி வந்தார். "யார் விட்டு விட்டு அமுக்கறது?" என்றார். யாரும் இல்லை. தனித்தனியாக அமுக்கச் சொன்னார், ஒவ்வொன்றும் சுத்தம். சேர்த்து அமுக்கினால் வாவ், வாவ். அக்கா துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, "மாதிரி ஹாரனுக்கும் இதுக்கும் வித்தியாசம் விழுதா சார்?" என்று கேட்டாள். விழவில்லை என்பதை அவரால் மறுக்க முடியவில்லை.

ஒரு வாரம் அவர் தூக்கமும் கெட்டது. இரண்டு ஆண்கள் தூக்கத்தைக் கெடுத்த பெண் என்று நான் கிண்டல் செய்தேன். "சத்தம் போட்டுச் சிரிக்காதீங்க சார், கூரை எதிரொலிக்கும்" என்றாள். மேனேஜர் மீட்டர் வைத்திருக்கிற ஒரு டெக்னீஷியனை வரவழைத்தார். அவர் அளந்துவிட்டு, எல்லாம் நானூறை ஒட்டித்தான் இருக்கிறது, ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தால் விதிப்படி செல்லும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் போய்விட்டார். கடைசியில் மேனேஜர், இதற்கு மெஷின் லாயக்கில்லை, காது உள்ள ஆள் வேண்டும் என்று முடிவு செய்தார். விளம்பர அட்டை ஒன்றைப் பார்த்து ஒரு பேண்டு வாத்தியக்காரரைப் போனில் கூப்பிட்டார். கூப்பிட்டது யாரை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

ட்ரம்பெட்காரர் சிவப்புக் கோட்டிலேயே வந்தார். வந்தவர் மனைவியைப் பார்த்தார். அவள் யாரோ எவரோ என்கிற மாதிரி, "வாங்க சார்" என்றாள். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது.

முதலில் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார். பிறகு ஒன்றாம் எண்ணையும் இரண்டாம் எண்ணையும் மட்டும் அமுக்கச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விரலால் தொடையில் தட்டி எண்ணினார். நொடிக்கு இரண்டு துடிப்பு. இரண்டும் மூன்றும், நொடிக்கு இரண்டு. மூன்றும் நாலும், அதேதான். ஒன்றையும் மூன்றையும் சேர்த்தார். துடிப்பே இல்லை, எண்ணெய் விட்ட மாதிரி வழுவழுவென்று போனது. இரண்டும் நாலும், அதிலும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒற்றை எண் வண்டிகள் எல்லாம் நானூறு. இரட்டை எண் வண்டிகள் எல்லாம் நானூற்று இரண்டு. தனித்தனியாகக் கேட்டால் எந்தக் காதாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊதினால், இரண்டு சத்தமும் நொடிக்கு இரண்டு தடவை ஒன்று சேர்ந்து பெருகும், இரண்டு தடவை ஒன்றையொன்று அழிக்கும். பள்ளிக்கூடப் பாடத்தில் இதற்கு விம்மல் என்று பெயர் போட்டிருப்பார்கள். கோடு போட்டு வரிசையாக நிறுத்தியது மேனேஜர். அந்த வரிசையில் ஒன்று விட்டு ஒன்றுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் தேய்த்தது இவள். பத்தொன்பது குழல்களில், மீட்டர் இல்லாமல், அரத்தாலும் காதாலும்.

அவர் மனைவி பக்கம் திரும்பவில்லை. என் கூண்டுக்கு எதிரில்தான் நின்றிருந்தார். காது சிவந்திருந்தது எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அவள் வேலைக்கே உலை வைத்துவிடலாம். மொட்டை மாடிக்கும் சேர்த்துப் பழி தீர்த்துக்கொள்ளலாம்.

"என்னங்க, எங்க தப்பு?" என்றார் மேனேஜர்.

ட்ரம்பெட்காரர் தொண்டையைச் செருமினார். "ஹாரன்ல தப்பு இல்ல சார். ஒழுங்கு பண்ணவங்க காது..." நிறுத்தித் தொடர்ந்தார். "அந்த மாதிரிக் காது எங்க குழுவுல ஒருத்தருக்கும் கிடையாது. எனக்கும்தான்."

"அப்ப இந்த உறுமல்?"

"கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கற ரெண்டைப் பக்கத்துல வச்சா அப்படித்தான் சார், முட்டிக்கும். நல்லா தள்ளி வச்சீங்கன்னா சேர்ந்துபோகும். எங்க குழுவுலயே பாருங்க, எல்லாரும் ஒரே ஸ்வரம் ஊதினா யார் காசு குடுத்துக் கூப்பிடுவாங்க? ஆளுக்கு ஒண்ணு குடுத்துடுங்க."

"ஆளுக்கு ஒண்ணா. முன்னாடி இருந்த மாதிரி."

"முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது சார்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

மேனேஜர் ரொம்ப யோசித்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். மறுபடி மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். அவள் நெற்றியைச் சுருக்கி, "கஷ்டமான வேலை சார், ஒரு மாசமாவது வேணும்" என்றாள். பழைய குழல்களை ஒன்று விடாமல் எண் எழுதி மரப்பெட்டியில் வைத்திருந்தாள். அந்த ஒரு மாதத்தில் என் கூண்டுக்கு வந்து டீ குடித்ததைத் தவிர அவள் பெரிதாக என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மேனேஜரை முட்டாள் என்று நினைத்துவிடக் கூடாது. அன்று சாயங்காலம் அவர் ஜன்னலோரம் நின்றபோது, காலையில் யாரோ எவரோவாக இருந்த இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் வாசலைத் தாண்டிப் போனார்கள். அவர் நேராக என் கூண்டுக்கு வந்து, எனக்குப் போட்டிருந்த கோட்டுக்கு உள்ளேயே வந்து நின்று, "அவங்க ரெண்டு பேரும் யார்?" என்றார். சொன்னேன். வேறு வழியில்லை. அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு ஒன்று வந்தது. அவருக்குச் சிரிக்க வரும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. இவ்வளவு அபூர்வமான காதை ஒரே பணிமனையில் முடக்கி வைப்பது நியாயம் இல்லை. ஆகவே இனிமேல் சுற்றுவட்டாரத்து ஐந்து பணிமனைகளின் ஹாரன்களும் இங்கேயே அனுப்பப்படும். ஐந்து பணிமனை என்றால் இருநூற்றுப் பத்து வண்டிகள். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை சத்தமாக என்னைப் படிக்கச் சொன்னாள். "மனுஷன் கெட்டிக்காரர்தான்" என்றாள் கடைசியில். அதற்குப் பிறகு அவரிடம் அவள் சேட்டை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவர் மாற்றலாகிப் போனபோது, அவர் கண்ணெதிரிலேயே ஒரு ஹாரன் குழலைத் தேய்த்துப் பளபளவென்று பாலிஷ் போட்டு, பேனா வைக்கிற கிண்ணமாகச் செய்து கொடுத்தாள்.

வீட்டில் சங்கீதம், சத்தம் என்கிற பேச்சு நின்றுபோனது. நின்றுபோனதை யாரும் சொல்லிக் காட்டவில்லை. சில வாரம் கழித்து, ட்ரம்பெட்காரர் வாத்தியத்தை ஒரு துண்டில் சுற்றி, அவள் சாப்பிடுகிற தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாராம்.

"மேல ஸ்வரம் ரெண்டு வருஷமா முரண்டு பிடிக்குது" என்றாராம். "ஈரக் காத்துன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

அவள் கையைக் கழுவிவிட்டு, ஊதிப் பார்த்து, ஓரிடத்தில் விரலால் தட்டிப் பார்த்தாள். மறுநாள் இரண்டு பேரும் அதைப் பணிமனைக்குக் கொண்டுவந்தார்கள். டயருக்குக் காற்றடிக்கிற குழாயை ஒரு முனையில் வைத்து மெதுவாகத் திறந்தாள். மறுமுனையிலிருந்து ஏதோ ஒன்று பறந்து வந்து என் நோட்டில் விழுந்தது. வாத்தியம் துலக்குகிற பிரஷ்ஷின் உடைந்த தலை. பாதி வழியில் அது அடைத்துக்கொண்டு உள்ளே காற்றின் நடையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இந்தப் பிரஷ்ஷை உடைத்ததாகச் சொல்லித்தான் அவர் இரண்டு வருஷத்துக்கு முன் டிரம் அடிக்கிறவரோடு சண்டை போட்டிருந்தார்.

அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ட்ரம்பெட்டை எடுத்து மேல் ஸ்வரத்தை ஊதினார். தகரக் கூரையில் கத்தி வைத்துக் கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. கிரீஸ் கையோடு ஆறேழு பேர் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

வாயிலிருந்து அதை எடுத்ததும், "மாடியில எங்க அக்காகிட்ட சொல்லிடாத" என்றார் மனைவியிடம்.

"நான் ஏங்க சொல்லப்போறேன்" என்றாள் அவள். அதற்குள் பிரஷ் தலையைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் போட்டுவிட்டிருந்தாள்.